சந்தைக் கட்டடத்துக்குக் கேட்ட சம்மதம்

கவுன்சிலர் தேர்தலில் நின்றபோது நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒரே வாக்குறுதி புதுச் சந்தைக் கட்டடம்தான். ஆற்றங்கரையில் இருக்கிற சின்னப் பேரூராட்சி எங்களுடையது. சந்தையின் தகரக் கூரையில் ஒழுகாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜெயித்த பிறகு தெருவில் தலை காட்டினால் போதும், "கட்டடம் எப்பம் வருது?" என்பார்கள். பேரூராட்சியிடம் ஏது அவ்வளவு பணம்? கடன் வாங்கிக் கட்டுவது, கடைகளை ஏலம் விட்டு வருகிற வாடகையில் அடைப்பது என்று மன்றத்தில் பேசி முடித்தோம். கடன் கொடுக்கிறவர்கள் ஊர்மக்களின் சம்மதத்தையும் கேட்டு எழுதி அனுப்பச் சொன்னார்கள்.

சம்மதத்துக்கென்ன பஞ்சம், கேட்ட மாத்திரத்தில் கொடுப்பார்கள் என்று குதித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குதிப்பை அடக்கியவள் என் மதினி. அண்ணன் போன பிறகு சந்தையில் கீரை விற்றுத்தான் பெண்பிள்ளைகளைக் கரையேற்றினாள். அவளுக்குக் கடை கிடையாது. வாசலை ஒட்டித் தரையில் சாக்கு விரித்து உட்காருவாள். அவளைப்போல ஒரு வரிசையே அங்கே உண்டு.

"ஏட்டி, புதுக் கட்டடத்துல நாங்க எங்கன உக்காரது?" என்று கேட்டாள்.

"அதுக்கெல்லாம் எடம் இல்லாமலா போயிரும் மதினி?" என்றேன். இருக்கும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு மக்கள் கூட்டம் நடந்தது. பேரூராட்சித் தலைவர் வெற்றிலைத் தாம்பாளத்தை என் கையில் தூக்கிக் கொடுத்தார். "நீ கொண்டுபோனா ஒருத்தியும் மறுக்க மாட்டா தாயி" என்றார். எங்கள் ஊரில் பெண் கேட்கிற பேச்சானாலும் சரி, வயல் விற்கிற பேச்சானாலும் சரி, வெற்றிலையை எடுத்தால் வாக்குக் கொடுத்தாயிற்று. பேச்சு முடியாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

முன்வரிசையில் மதினி இருந்தாள். வெற்றிலை இல்லாமல் அவளுக்கு ஒரு வேலை ஓடாது. அப்படிப்பட்டவள் தாம்பாளத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க எடத்தை முதல்ல காட்டச் சொல்லுட்டி. பொறவு எடுக்கேன்."

நியாயந்தானே? மேடையோரம் வரைபடத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். பொறியாளரைக் காட்டச் சொன்னேன். ஷட்டர் போட்ட கடைகள், மாடிப்படி, கழிப்பறை எல்லாம் காட்டினார். மதினி உட்காருகிற இடத்தில் இருசக்கர வாகன நிறுத்தம் என்று போட்டிருந்தது. தரைக்கடைகள் எங்கே என்று கேட்டேன். "இந்தத் திட்டத்துல அது வரலை மேடம்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "வண்டி நிக்க எடம் போட்டியளே, மனுசி உக்கார எடம் போடலியா?" என்று மைக் இல்லாமலே கத்தினேன். தலைவர் என்னைக் கையமர்த்தினார். "பையப் பேசு தாயி. கட்டடம் வரட்டும், பொறவு பாத்துக்கிடலாம்." பொறவு பார்ப்பதாகச் சொன்னவர்களை அந்தப் பெண்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். தாம்பாளம் போனபடியே திரும்பி வந்தது. கூட்டம் முடிகிறவரை ஒருத்தியும் எழுந்து போகவில்லை, யாராவது பதில் சொல்வார்கள் என்று உட்கார்ந்தே இருந்தார்கள்.

எங்கள் செயல் அலுவலர் வெளி மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர். 'பொதுமக்கள் ஏற்கவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார். அடுத்த மன்றக் கூட்டத்தில்தான் எனக்கே தெரிந்தது.

"வெத்தலைய ஒருத்தரும் தொடலையேம்மா. வேற எப்படி எழுத?" என்றார் பாவம், உண்மையாகவே புரியாமல்.

"பேச்சு முடியலைன்னு எழுதணும் சார்! வேண்டாம்னா எந்திச்சுப் போயிருப்பாவ. கடேசி வரைக்கும் உக்காந்துல்லா இருந்தாவ!"

சண்டை போட்டு என்ன செய்ய? கடன் வேறு ஊருக்குப் போய்விட்டது. அதை நினைத்து நான் பல நாள் மனம் ஆறாமல் கிடந்தேன். ஊர் பேரில் வாங்குகிற கடனை ஊர்தான் அடைக்கிறது. மதினி உட்காருகிற தரைக்குத் தினமும் ரசீது வாங்கிக் கட்டுகிற காசும் அதில் சேரும். அவளிடம் வேணுமா, வேண்டாமா என்று மட்டும்தான் கேட்கிறோம். நடுவில் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தால் அதை எழுத நம்மிடம் இடமில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகியது, சந்தை சேறானது. வருகிறவர்கள் மதினி காதுபடவே பேசினார்கள். "ஒரு கீரைக்காரிக்காக ஊர்க் கட்டடத்தையே கெடுத்துட்டாவளே!" வாடிக்கையாக வாங்குகிறவர்கள்கூட அவளைத் தாண்டிப் போய் அடுத்தவளிடம் வாங்கினார்கள். நான் போனபோது அவள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் மிதந்த கீரைக்கட்டுகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். விற்காத கீரை கூடை நிறைய இருந்தது. எப்படியாவது தேற்ற வேண்டுமென்று பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"விடுங்க மதினி. நீங்க வேண்டாம்னு சொன்னதுல ஒரு தப்பும் இல்ல."

அவள் கையிலிருந்த கட்டைக் கூடையில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் அப்படித்தான் நெனைக்கியாட்டி? நான் எப்பம் வேண்டாம்னேன்? எங்கன உக்காரதுன்னுதானே கேட்டேன்."