ரோமாபுரிச் சேரும் தாய்வழிக் குடியும்

சென்ற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஆதம்பாவா ஆசிரியர் காலமான செய்தியை அறிவித்தார்கள். நான் அப்போது கல்முனைச் சந்தையில் மீன் வாங்க நின்றிருந்தேன். மீன்காரருக்கு ஆள் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்றவர், "நம்மட ரோமாபுரிச் சேர்" என்றார். "அவரா? நல்ல மனிசன். ரோமாபுரியைப் பிழையாப் படிப்பிச்ச ஆள்தானே" என்றார் மீன்காரர். நான் மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர் முழுவதும் அப்படித்தான் சொல்லும்.

அவரை அறிந்த உங்களுக்கு, முக்கியமாக எங்களிடம் படித்த அந்தப் பதினொரு பேருக்கு, இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், பல்கலைக்கழகம் போகாமல் வெளிவாரியாகப் பட்டம் எடுக்க விரும்பிய ஆசிரியர்களுக்காகச் சனி ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் ஒரு வகுப்புத் தொடங்கினோம். அவருக்குப் பண்டைய வரலாறு, எனக்கு அமெரிக்கப் பண்பாட்டுக் கற்கைகள். நான் கொழும்பைத் தாண்டியவன் அல்லன். அவரோ அட்டாளைச்சேனையில் பிறந்து, கல்முனையில் கலியாணம் முடித்து, வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்தவர். தன் வாழ்க்கையில் போன தூரப் பயணம் அதுதான் என்பார். "நாம ரெண்டு பேரும் காணாத ஊருக்கு வழி சொல்ற ஆக்கள் தம்பி. கவனமாச் சொல்லணும்" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்.

என் வகுப்பு நடக்கும்போது அவர் கடைசி வாங்கில் மாணவர்களோடு உட்கார்ந்து குறிப்பெடுப்பார். ஒருநாள், அமெரிக்காவில் பதினெட்டு வயதானதும் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போய்விடுவார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இறக்காமத்திலிருந்து வரும் ஒருவர் எழுந்து, "அப்ப பெண் பிள்ளைக்கு வாப்பா வீடு கட்டிக் குடுக்கிறல்லையா சேர்?" என்று கேட்டார். நான் என் குறிப்பைப் புரட்டித் தேடினேன். பின்னாலிருந்து, அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடும் ஆதம்பாவா காக்காதான், "அங்க வீடு மகளுக்கெண்டு கட்டுறல்ல. அதனாலதான் வீட்டை வித்துப்போட்டு ஊர் ஊராப் போறாங்க" என்றார். அது முழுதும் சரியா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ஆனால் வகுப்பு விழித்துக்கொண்டது.

அவர் கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் பாடம் தொடங்குவார். இடப்பக்கம் நம்மூருக்கு ஒப்பானது. நைல் நதியின் வாய்க்கால்களைச் சொல்லும்போது, வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் அங்கே வருவார். வலப்பக்கம் வேறுபாடு. அந்தப் பக்கம் நிரம்பாமல் மணி அடித்தாலும் விடமாட்டார். "நம்மட ஊரைக் காட்டி உலகத்த விளக்கலாம். ஆனா உலகம் நம்மட ஊரில்ல எண்டும் சொல்லிப்போடணும்" என்பார். வலப்பக்கம் எழுதும்போது மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன்.

உரோமரின் குடும்ப அமைப்பைத் தொடங்க வேண்டிய கிழமை அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பாடக்குறிப்பை ஸ்டென்சிலில் கையால் எழுதி, ரோனியோ பொறியில் பிரதி அடித்துக் கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். உரோமரிடம் இருந்த குலப்பிரிவை நம்முடைய குடியோடு ஒப்பிட்டேன். நம் பக்கத்தில் உம்மாவின் குடிதான் பிள்ளைக்கும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடியின் பிரதிநிதியாகக் குடிக்கொரு மரைக்கார் இருப்பார். எழுதிக்கொண்டு போன வேகத்தில், "உரோமரின் குடியும் நம் குடியைப் போலத் தாய்வழியே இறங்கியது" என்று முடித்தேன். புத்தகம் பார்க்கவில்லை. வசனம் அழகாக இருப்பதாகக்கூடப் பட்டது. தாளின் தலைப்பில் வழக்கம்போல அவர் பெயரைப் போட்டேன். குணமாகி வந்தவர் என்னை நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்த வருடப் பரீட்சையில் கட்டாய வினாவே உரோமக் குடும்பம் பற்றியது. பெறுபேறு வந்தபோது பதினொரு பேரில் ஒன்பது பேர் பண்டைய வரலாற்றில் சித்தியடையவில்லை. என் அமெரிக்கப் பாடத்தில் எல்லோரும் சித்தியடைந்து தேறியிருந்தார்கள். எனக்கு உள்ளூரச் சின்னப் பெருமை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் தவறியவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, அந்த வினாவுக்கு என்ன எழுதினீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் விடாமல் தாய்வழி என்றார்கள். பரீதா டீச்சர் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு படித்தவர். பட்டம் கிடைத்தால்தான் தூரத்துப் பாடசாலையிலிருந்து ஊருக்கு மாற்றம் எடுக்க முடியும் என்றிருந்தவர். அவர் குறிப்புத் தாளை நீட்டி, "இதில இருந்ததத்தான் எழுதின சேர்" என்றார். ஆதம்பாவா காக்கா தாளை வாசித்தார். நான் சுவரோடு நின்றேன். என் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"ஓம். உரோமருக்கு வாப்பாட வழிதான். இது என்ட பிழை" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. வெளியே வந்தபோது, "அடுத்த கிழமை உங்களுக்கு அமெரிக்கத் தேர்தல் பாடந்தானே?" என்று மட்டும் கேட்டார். மறுவருடம் உரோமை முதலிலிருந்து நடத்தினார். தவறியவர்கள் எல்லோரும் சித்தியடைந்தார்கள். பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் நின்று, "ஓம், சொல்லுங்க" என்பார். கூட நடந்துபோன நானும் சிரித்திருக்கிறேன்.

ஜனாஸா நல்லடக்கம் முடிந்த மறுநாள் பரீதா டீச்சரின் வீட்டுக்குப் போனேன். அந்த வரியை எழுதியது நான் என்று சொன்னேன். அவர் தேநீரை வைத்துவிட்டு, "அது அப்பவே எங்களுக்குத் தெரியும் சேர். அமெரிக்க நோட்டில இருந்த அதே கையெழுத்துத்தானே" என்றார்.

"அப்ப ஏன் ஒருத்தரும் கேட்கல்ல?"

"அவர்தான் எங்களத் தனியாக் கூப்பிட்டு, இதப் பத்தி ஒண்டும் கதைக்க வேணாமெண்டார். 'வெட்கம் எனக்குத் தாங்கும், அவருக்குத் தாங்காது. வகுப்ப விட்டுப் போயிடுவார். உங்களுக்கு வேற ஆளில்ல' எண்டார்."

என்னை அவர் சரியாகத்தான் அறிந்திருந்தார். போயிருப்பேன்.

அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லாததற்கு இந்தக் கட்டுரை ஈடாகாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இத்தனை வருடம் எனக்காக அவர் சுமந்த அந்த வெட்கந்தான். அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன். உரோமரின் குடி தந்தைவழியே இறங்கியது. அதைப் பிழையாக எழுதியவன் நான்.