பத்து வயசு லேபிள்

இரண்டு பள்ளிகளிலிருந்தும் ஒரே நாளில் போன் வந்தது. விளையாட்டு விழாவுக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுத்திருந்தேன். தாராபுரம் பக்கத்துக் கிராமப் பள்ளி வாத்தியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, பசங்க சட்டைக்குள்ள காணாமப் போயிர்றாங்க. பேரச் சொல்லிக் கூப்புட்டுத் தேட வேண்டியிருக்குதுங்க."

வேலம்பாளையம் பள்ளி பி.டி. மாஸ்டர் சிரிக்கவில்லை. "தலை நுழையுதுங்க. வயித்துக்கிட்ட வந்து நின்னுக்குதுங்க."

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் திருப்பூரில் என்னைப் போல ஒரு கட்டிங் மாஸ்டர் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. ஆளைப் பார்த்ததும் மார்பளவு சொல்வேன்; டேப் வைத்தால் அரை இஞ்ச் மாறாது. அந்தத் தொழிலை வைத்துத்தான் சொந்த யூனிட் போட்டேன். அன்று செய்த தப்பு, ஆளையே பார்க்காததுதான். எக்ஸ்போர்ட் பழக்கத்தில், வயசுக்கு இன்ன அளவு என்று போட்டிருக்கும் சார்ட்டை எடுத்து, இரண்டு ஆர்டருக்கும் துணியை ஒன்றாக அடுக்கி வெட்டிவிட்டேன். பத்து வயசு என்றால் ஒரே அளவு. கழுத்தில் '10' என்று லேபிள்.

டேப்போடு நானே போனேன். கிராமத்துப் பிள்ளைகள் சார்ட்டை விட ஒல்லி. வேலம்பாளையத்தில் பாதிப் பேர் சார்ட்டைத் தாண்டியிருந்தார்கள். அங்கே ஜெனி என்ற பத்து வயசுப் பெண். என் யூனிட்டில், தைத்த பீஸ்களில் குறை பார்க்கும் செக்கிங் செக்ஷனில் வேலை செய்யும் ரோஸ்லினின் மகள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அணிவகுப்பில் கொடி பிடிக்க வேண்டியவள். நான் கொண்டுபோயிருந்த சட்டைகளில் பதினாலு வயசு சைஸ்தான் அவளுக்குச் சேர்ந்தது. கூட இருந்த பிள்ளைகள் லேபிளைப் பார்த்துவிட்டார்கள். "வழி விடுங்கடா, பதினாலக்கா வர்றாங்க!" கொடியே வேண்டாம் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ரோஸ்லினுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன்: "இதுக்குப் போயி வருத்தப்படலாமா கண்ணு? புள்ளைய நல்லாச் சோறு போட்டு வளத்தியிருக்கற. நாங்கெல்லாம் இப்படியா இருந்தோம்?" நான் பசியில் வளர்ந்தவன். கொழுகொழுவென்று பிள்ளையைப் பார்த்தால், வீடு முன்னுக்கு வந்துவிட்டது என்றுதான் எனக்குப் படும்.

அவள் கையிலிருந்த பீஸைக் கீழே வைத்தாள். "மொதலாளி, அது சோத்துல வந்த ஒடம்பு இல்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்தா வீட்டுல யாரு இருக்கா? நானும் அவுக அப்பாவும் ஓவர்டைம்ல கெடக்கோம். பேக்கரி பப்ஸு, பாக்கெட் சிப்ஸு, அதுதான் அவளுக்கு. வெளிய வெளாட விடவும் பயம், உள்ள தாழ் போட்டுக்கன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்க ஊருன்னா தெருத் தெருவா ஓடிட்டு வருவா." கொஞ்சம் நிறுத்தி, "ஓவர்டைம் போட்டது நீங்கதான மொதலாளி" என்றாள்.

 

இரண்டு பள்ளிக்கும் தனித்தனியாக அளவெடுத்து மறுபடி வெட்டினேன். லேபிளிலிருந்து வயசை எடுத்துவிட்டு, உள் தையலில் சைஸுக்கு ஒரு கலர் நூல் வைத்தேன். ஜெனிக்கு நீலம். நீலம் என்ன சைஸ் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

விழாவன்று அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். கூட்டத்தில் யாரையோ தேடினாள். அன்று எங்களுக்கு ஷிப்மென்ட், சரக்கு கிளம்பியாக வேண்டிய நாள். ரோஸ்லின் செக்கிங் டேபிளில் இருந்தாள். நான்தான் நின்று கை தட்டினேன்.

யூனிட்டுக்குத் திரும்பியதும், பிள்ளை வைத்திருக்கிறவர்கள் ஆறு மணிக்குக் கிளம்பலாம், கூலி குறையாது என்று சொன்னேன். ஷிப்மென்ட் வந்தால் இன்றும் அதைக் காப்பாற்றத் திணறுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பிள்ளைக்குச் சட்டை வெட்டும் முன் மார்பளவு எடுங்கள். அதன் அம்மா எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறாள் என்றும் கேளுங்கள்.