கூடையை மாட்டத் தெரிந்த கை

இன்று ஆபீஸ் சுற்றுலா. கண்டியிலிருந்து பஸ் ஹுன்னஸ்கிரியப் பக்கம் போனது. வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இறக்கி, கொழுந்துக் கூடையோடு படம் எடுக்கலாம் என்றார் வழிகாட்டி.

எல்லோரும் கூடையைத் தோளில் மாட்டிச் சிரித்தார்கள். என் முறை வந்தபோது, கை தானாகத் துணியை மடித்துத் தலையில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டுவிட்டது.

"எப்படி இவ்வளவு கரெக்டா போடுறீங்க?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"யூடியூப்ல பார்த்தேன்."

ஆபீஸில் நான் சொல்லி வைத்திருக்கும் ஊர் கண்டி டவுன். நான் பிறந்த லயமோ, தொழிலாளர் வரிசை வீடு, இந்தத் தோட்டத்திலிருந்து இரண்டு வளைவுதான். அம்மா இன்னும் அங்கே கொழுந்து எடுக்கிறார்.

"அச்சு அசல் தோட்டக்காரி!" என்று ஆபீஸ் குரூப்பில் என் படத்துக்குக் கீழே மேனேஜர் எழுதியிருக்கிறார். நானும் ஒரு ஸ்மைலி போட்டேன்.

அம்மா படம் கேட்கிறார். என்ன சொல்லி அனுப்ப?