ஒரு பக்கம் இழுத்த பம்பர்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘முகமூடி’ என்றால் போதும். வெல்டிங் செய்யும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடி முகமூடியை வேலை முடிந்தாலும் கழற்ற மாட்டார், நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொள்வார். அப்படியே டீ குடிப்பார், அப்படியே சண்டையும் போடுவார். ஒருமுறை அந்தக் கோலத்திலேயே பஸ் ஏறி வங்கிக்குப் போனதையும், காவலாளி பதறிப்போய்க் கதவைச் சாத்தியதையும் எதிர்த்த டயர்க்கடைக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

வாழ்நாள் பூராவும் குனிந்தே வேலை பார்த்த உடம்பு. வீட்டின் முன்பாதிதான் பட்டறை. தகரக் கூரை, சுவரோரம் சாய்த்து வைத்த பைப்புகள், எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன சிமெண்ட் தரை. சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. இரும்பு அறுக்கிற கிரைண்டர் ஓடினால் அடுப்படியில் மனைவி என்ன திட்டுகிறாள் என்பது காதில் விழாது. அது அவருக்கு ஒரு வசதி.

ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்துகொண்டிருந்தவரிடம் ஜீப்காரர்கள் வர ஆரம்பித்தது பிற்பாடுதான். காட்டிலும் மேட்டிலும் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கம்பெனி போட்டுத் தரும் பின்பக்க பம்பர் வெறும் தகர டப்பா. பாறையில் ஒரு இடி இடித்தால் மடங்கிப்போகும். சேற்றில் மாட்டிய வண்டியைச் சங்கிலி போட்டு இழுக்கலாம் என்றால் பம்பர் மட்டும் கையோடு வந்துவிடும். முகமூடி போடுகிற பம்பர் அப்படியல்ல. கனத்த இரும்புத் தகட்டை வெட்டி, பெட்டி மாதிரி சேர்த்து, இழுக்கிற கொக்கியை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிணைத்து போல்ட் போட்டுவிடுவார். வண்டி போனாலும் பம்பர் போகாது என்று டயர்க்கடைக்காரர் கிண்டலடிப்பார்.

இப்போது அவர் செய்துகொண்டிருந்த பம்பர் சொந்த மகளுக்கு.

மகள் அப்பாவிடமே தொழில் படித்தவள். கூடவே ஜீப்பும் ஓட்டுவாள். மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே மருந்துப் பெட்டிகளையும் நர்ஸ்களையும் ஏற்றி இறக்க, வண்டியோடு ஆள் கேட்டிருந்தார்கள். மேலேயே தங்கவும் ஒரு அறை தருவார்களாம். வண்டி தயாரானால் கிளம்ப வேண்டியதுதான். முன்பு ஒருதரம் வெளியூரில் நல்ல வேலை கிடைத்துப் பையைக்கூடக் கட்டிவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து அப்பா கூரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். “அப்புறம் பாத்துக்கலாம்ப்பா” என்று பையைப் பிரித்து வைத்துவிட்டுக் கிரைண்டரைக் கையில் எடுத்தவள்தான். அந்த அப்புறம் வரவே இல்லை. அதை அவர் இன்றைக்கும் மறக்கவில்லை.

மனைவிக்கு மகள் போவதில் துளியும் இஷ்டமில்லை. “ஏங்க, கொஞ்சம் மெதுவாத்தான் பண்ணுங்களேன். யாரு உங்கள வெரட்டறா? பம்பர் முடியாம அவ எங்க கெளம்பப் போறா?” என்று தினமும் ஒரு பாட்டம் புலம்பி முடித்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

அவர் மெதுவாகத்தான் செய்தார். ஆனால் அவள் சொன்னதற்காக அல்ல.

வெல்டிங்கில் ஒரு சூட்சுமம் உண்டு. நீளமான தகட்டை ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டே போகக் கூடாது. சூடு ஆறும்போது இரும்பு அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு வளைந்துவிடும். இங்கே கொஞ்சம், எதிர்முனையில் கொஞ்சம், அப்புறம் திருப்பிப் போட்டு மறுபக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மகளுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே இதுதான்.

அன்றைக்கு மத்தியானம், மகள் வண்டிக்கு லைட் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவர் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு முனையில் ஆரம்பித்தார். கொஞ்சம் ஒட்டியதும் எழுந்து மறுபக்கம் போக வேண்டும். தரையில் கையை ஊன்றினார். முழங்கால் வரமாட்டேன் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஊன்றினார். உடம்பு அசையவே இல்லை. மனைவியும் வீட்டில் இல்லை, கூப்பிடவும் யாருமில்லை. சரி, இன்னும் ஒரு சாண் ஒட்டுவோம், அதற்குள் கால் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஒரு சாண் இன்னொரு சாணாயிற்று. ஸ்டூலோடு நகர்ந்து நகர்ந்து கடைசி முனைவரை ஒரே மூச்சில் ஒட்டிவிட்டார். ஒட்டும்போதே தெரியும், தப்பு என்று. அவ்வளவு அலுப்பு அவருக்கு.

சாயங்காலம் மகள் பம்பரைத் தூக்கி சேஸிஸில் வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. வலது பக்கம் ஒரு விரல்கடை வெளியே நின்றது. போல்ட் ஓட்டை எதுவும் சேரவில்லை. கீழே இறக்கி, ஒட்டின இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

“என்னப்பா இது? நேத்து வேலைக்கு வந்தவன்கூட இப்படி ஒட்ட மாட்டான். திருப்பிப் போடலயா?”

“போடல.”

“ஏன்?”

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஜீப்பில் ஏற்றிய பை மறுபடியும் வீட்டுக்குள் வரும். சாவி ஆணியில் தொங்கும். ‘அப்புறம் பாத்துக்கலாம்ப்பா’ என்பாள், சிரித்த முகமாகவே. அதை இன்னொரு தடவை கேட்க அவருக்குத் தெம்பில்லை.

“வேணும்னுதான் பண்ணேன்” என்றார். “நீ போறது எனக்குப் பிடிக்கல. பம்பர் கோணிப்போனா கெளம்ப மாட்டல்ல? அதான்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. “அம்மா சொல்லிக் குடுத்தாங்களா?”

“அம்மாவ இதுல இழுக்காத. எல்லாம் என் புத்திதான்.”

“இத்தன வருஷம் இங்கயே கெடந்தேனே, அது பத்தலயாப்பா உங்களுக்கு?”

அவர் நெற்றியிலிருந்த முகமூடியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். கையில் வெல்டிங் ராடும் இல்லை, மிஷினும் ஓடவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரையும், அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலையும், முனையிலிருந்து முனைவரை அந்த ஸ்டூல் தரையில் இழுபட்ட கோட்டையும் பார்த்துவிட்டு, கிரைண்டரை எடுத்தாள்.

அப்புறம் அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் ஒட்டின இடத்தை அறுத்தாள், சூடுகாட்டி நிமிர்த்தினாள், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக மறுபடியும் ஒட்டினாள். மனைவி அவரிடம் எகிறினாள். “மெதுவா பண்ணுங்கன்னுதானே சொன்னேன்! கெடுக்கவா சொன்னேன்? இப்ப பாருங்க, கோவிச்சிக்கிட்டுப் போகப் போறா.” பம்பர் வண்டியில் ஏறிய பிறகும் பட்டறையில் அறுக்கிற சத்தம் நிற்கவில்லை. கோபத்தை இரும்பு மேல் காட்டுகிறாள் என்று நினைத்து அவர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் வெளியே வந்து பின்னால் நின்று பம்பரைப் பார்த்தார். கொக்கியைப் பிடித்து ஆட்டினார். மலை மாதிரி நின்றது. மனசுக்குள் பெருமை பொங்கியது. வாயில் வந்தது என்னவோ, “கொக்கி பரவாயில்ல” என்பது மட்டும்தான்.

“உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்” என்றாள் மகள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், வண்டியை எடுத்தாள். அவரிடம் போய்வருகிறேன் என்று தனியாகச் சொல்லவில்லை. தெருமுனையில் திரும்பும்போது கையை மட்டும் ஆட்டினாள்.

காலை இழுத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். ஸ்டூலைக் காணோம். அந்த இடத்தில் இரண்டு பைப் கால்கள் நின்றன, மேலே பழைய பேரிங்குகள், நடுவில் தகட்டைப் பிடித்துக்கொண்டு சுழல ஒரு கம்பி. அதற்கு முன்னால் இருந்தது ஏதோ பழைய ஜீப்பின் பின்சீட்டு. உயரமான கால்கள் வைத்து, ஊன்றி எழுந்திரிக்க இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்திருந்தாள்.

“என்னய்யா இது, யாரு போட்டது?” என்று எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினார்.

“உன் பொண்ணுதான்” என்றார் டயர்க்கடைக்காரர். “எங்கிட்டதான் பேரிங் வாங்கிட்டுப் போச்சு. ‘அப்பாவால எழுந்து மறுபக்கம் போக முடியல, உக்காந்த எடத்துலயே திருப்பிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்’னுச்சு. உங்கிட்ட சொல்லலயா?”

அவர் சீட்டில் உட்கார்ந்தார். கம்பியை ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் சுற்றி வந்தது. திருட்டுக் கழுதை, எல்லாம் தெரிந்துதான் போயிருக்கிறாள். தெரிந்தும் போனாளே, அதுவே போதும் என்றிருந்தது அவருக்கு. உடனே, இனிமேல் மத்தியானம் யாரைக் கூப்பிடுவது என்றும் இருந்தது. முகமூடியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

“யோவ், கரண்டே இல்ல. முகமூடி எதுக்கு?” என்றார் டயர்க்கடைக்காரர்.

“போய்யா. போய் உன் வேலையப் பாரு.”