மாமியாருக்கும் எனக்கும் ஒரே பேர்

என் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அது பட்ட பாடு போதும். அம்மன் கோயில் உள்ள எந்த ஊரிலும் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர்தான். போடிச் சந்தையில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும். இதற்குப் போய் ஒருத்தி சண்டை போடுவாளா என்றால், போட்டேன். எழுபதுகளின் கடைசியில், சர்க்காரோடும் மாமியாரோடும் ஒரே நேரத்தில் போட்டேன். சர்க்கார் எவ்வளவோ தேவலை.

நான் பிறந்தது சிலோனில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில். அப்பாவுக்குப் பூர்வீகம் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. அவர் செத்துப்போன பிறகு அம்மா கொழுந்து பறித்து என்னை வளர்த்தாள். அங்கேயே பிறந்தும் எங்களுக்கு அங்கே குடியுரிமை கிடையாது. 'இந்தியாக்காரி' என்றார்கள். சிலமலையிலிருந்து சித்தப்பா மாப்பிள்ளை பார்த்து எழுதியதும், விசா வாங்கிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினேன். இங்கே 'சிலோன்காரி' என்றார்கள். இரண்டு நாட்டுக்காரர்களும் என்னை அடுத்த நாட்டுக்குத் தாராளமாகத் தானம் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா கூட வரவில்லை. இந்தியாவுக்கு வருவதற்கு மற்றத் தோட்டத்து ஆட்களைப்போல அவளும் மனுப் போட்டிருந்தாள். அவள் முறை இன்னும் வரவில்லை. இந்தியாவில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று அங்கே கேட்டதற்கு, என் பேரைச் சொல்லி, மகள் என்று பதிந்திருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே பிடிப்பு அதுதான். சொந்தக்காரர் இருந்தால் அவரிடம் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் சர்க்கார் நினைத்த இடத்துக்கு. எங்கள் லயத்திலிருந்து முன்னால் வந்த ஒரு குடும்பத்தை ஆந்திராவில் எங்கேயோ பாஷை தெரியாத ஊரில் இறக்கிவிட்டிருந்தார்கள். அவர்களும் ரொம்ப சௌக்கியமாக இருப்பதாகத்தான் சர்க்கார் நினைத்திருக்கும்.

புகுந்த வீடு ராசிங்காபுரம். கொஞ்சம் காடு, ஒரு கிணறு, ஒரு மாமியார். வீட்டுக்காரர் போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டினார். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டால், இன்னொருத்தர் ஏறலாம் என்பார். மாமியாரும் அதே ஜீப்பில் தொத்திக்கொண்டு காய் பறிக்கப் போவாள். மலையேற்றத்தில் வளைவுக்கு வளைவு மகனை அதட்டிக்கொண்டே போவாளாம். பிரேக்கை விட அவள் தொண்டையைத்தான் நம்பினோம் என்று கூடப்போன பெண்கள் சொல்வார்கள்.

பேர்ப்பொருத்தம் பார்த்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. பெண்ணுக்கும் மாமியாருக்கும் ஒரே பேர். அப்படி அமைந்தால் வந்தவள் பேரை மாற்றிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஏனென்றால், மகன் பெண்டாட்டியைப் பேர் சொல்லித் திட்டும்போது பெற்றவளைத் திட்டினமாதிரி ஆகிவிடுமாம். திட்டாமல் இருந்து பார்க்கலாம் என்ற யோசனை ஒருத்தருக்கும் வரவில்லை. தாலி கட்டுவதற்கு முன்னால் மாமியார் என் காதருகே குனிந்து, "இன்னியில இருந்து ஒம் பேரு இது" என்று ஒரு புதுப் பேரைச் சொன்னாள். நல்ல பேர்தான். வேறு யாருக்காவது வைத்திருந்தால் நானே பாராட்டியிருப்பேன்.

வீட்டுக்குள் என்னவோ கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வந்தது வினை, குடியுரிமை மனுவில். இந்தியாக்காரரைக் கட்டியவள் என்பதால் நானும் இந்தியக் குடிமகளாகப் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். வீட்டுக்காரர் தாலுகா ஆபீசு வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஏதோ மலையைப் புரட்டினவர்போல வந்து நின்றார்.

"பேரையும் கையோட கையா மாத்தச் சொல்லிட்டேன். புதுப் பேர்லயே சர்டிபிகேட்டு வந்துரும். ஒரே சோலியாப் போச்சு" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதல்முதலாகச் சத்தம் போட்டேன்.

"எங்கம்மா என் பழைய பேரைத்தானே அங்க பதிஞ்சிருக்கு! கப்பல்ல வந்து இறங்கி அந்தப் பேரைச் சொன்னா, அப்படி ஒருத்தி இங்க இல்லைன்னு சொல்லிருவாங்களே. எங்கம்மாவ எங்க கொண்டுபோய்த் தள்ளுவாங்களோ!"

மாமியார் முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நாட்டையே மாத்திக்கிட்டு வந்தவளுக்குப் பேர மாத்துறது பெரிய சோலியாக்கும்?"

"நாட்டை நான் எங்க அத்தை மாத்தினேன்? அதுதான் என்னை மாத்தி மாத்தித் தள்ளுது. மிச்சம் இருக்கிறது பேர் ஒண்ணுதான்."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? எவனாச்சும் கூப்பிட்டா ரெண்டு பேரும் போயி நிக்கிறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"வாயப் பாரு! சிலோன்ல வாய்க்குன்னு தனியாப் பள்ளிக்கூடம் இருக்கும்போல."

எங்கள் இருவருக்கும் நடுவில் நியாயம் சொல்லவேண்டிய மனிதர் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து ஜீப்புக்கு ஏகப்பட்ட ரிப்பேர். பொழுது சாயும்வரை அவர் கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அதற்குப் பிறகு மாமியாரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால் அவள் சுவரைப் பார்த்து, "உப்பக் கொண்டான்னா கொண்டாறதுக்கு ஆள் இருக்கா" என்பாள். நான் அதே சுவரைப் பார்த்து, "இருக்கு" என்பேன். அந்தச் சுவர் மட்டும் இல்லையென்றால் குடும்பம் நடந்திருக்காது.

கொஞ்ச நாளில் தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கப்பலேறி வந்த காகிதத்தில் ஒரு பேர், மனுவில் ஒரு பேர். புருஷன் வீட்டுப் பெரியவர் யாராவது வந்து சாட்சி சொல்லவேண்டும் என்றார்கள். அந்த வீட்டில் பெரியவர் என்று மிச்சமிருந்தது மாமியார்தான். நல்ல சேலை கட்டி, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகி, பஸ்சில் எனக்கு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அம்மாவை நினைத்து அழுகை அழுகையாக வந்தது.

விசாரித்த குமாஸ்தா சின்ன வயசுக்காரர். என்னிடம் பேர் கேட்டார். பழைய பேரைச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு மாமியார் பக்கம் திரும்பினார்.

"உங்க பேரு என்ன ஆத்தா?"

மாமியாரும் அதே பேரைச் சொன்னாள்.

"மருமக பேரக் கேக்கல. உங்க பேரு."

"அதான் தம்பி சொன்னேன்."

"அவங்களும் அதத்தானே சொல்றாங்க?"

"அதுக்குத்தானே மாத்தச் சொல்றது! இம்புட்டுப் படிச்சிருக்கீக, இது வெளங்கலையா?"

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த வீட்டில் நானும் தினமும் அப்படித்தான் முடியாதென்று விட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு பொறுமையாகவே சொன்னார். "இங்க பாருங்க ஆத்தா, சர்டிபிகேட்டுல எழுதுற பேருதான் இனி நெலைக்கும். புதுப் பேர எழுதிட்டா, பழைய பேருல இந்த நாட்டுல இவங்க கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"கிடையாதுன்னா?"

"கிடையாதுதான். யாராச்சும் வந்து அந்தப் பேரச் சொல்லிக் கேட்டா, அப்படி ஒரு ஆளே இல்லைம்போம்."

"பெத்தவ வந்து கேட்டாலும்?" என்றாள் மாமியார்.

"பெத்தவளுக்குன்னு தனியாவா ரெக்கார்டு வச்சிருக்கோம்? யாருக்கும் அதான்."

மாமியார் வெற்றிலைப் பையைத் திறந்தாள், எடுக்காமல் மூடினாள். பிறகு குமாஸ்தாவைப் பார்த்துத்தான் பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கும் பொறந்த வீட்டுல வேற பேரு தம்பி. இது எங்க மாமியா வச்ச பேரு. அவளுக்கும் எனக்கும் பேரு ஒண்ணாப் போச்சு, மாத்திட்டாக. எங்க ஆத்தா என்னையப் பாக்க வந்து, வாசல்ல நின்டு பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டா. நான் அடுப்படியில இருக்கேன், எங்காதுல விழுகுது. எங்க மாமியா வெளிய போயி, 'என்னையவா பேரு சொல்லிக் கூப்பிட்டே?'ன்னு கேட்டா. எங்க ஆத்தா நடுங்கிப் போனா. பொறகு சாகுற மட்டும் அந்த வாசல்ல வந்து கூப்பிடல. தெருவுல நின்டு, நானா வெளிய வாற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பா."

இத்தனை நாள் அந்தப் பேருக்காக என்னோடு மல்லுக்கு நின்றவளுக்கு, அது அவள் பேரே இல்லை! அட பாவி மனுஷி, இதை முற்றத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. பிடித்தால் தட்டிவிடுவாள் என்பதால் சும்மா இருந்தேன்.

"அவ சொல்ற பேரையே எழுதுங்க" என்றாள் மாமியார். "நான் என் பழைய பேருக்குப் போறேன். அதுக்கும் ஒரு மனு எழுதுங்க, வெரசா."

"நீங்க இங்கயே பொறந்தவுக ஆத்தா. இந்த மனு உங்களுக்குக் கிடையாது" என்று குமாஸ்தா சிரித்தார். "சிலோன் போயிட்டுத் திரும்பி வாங்க, எழுதலாம்."

சர்டிபிகேட்டு என் பேரிலேயே வந்தது. நான் இந்தியக் குடிமகள் ஆனேன். இத்தனை கூத்துக்கும் பிறகு வீட்டுக்காரர் என்னை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டார். ஊரில் 'சிலோன்காரி' அப்படியே நிலைத்தது. நாடு ஒத்துக்கொண்ட பேரை அந்த சர்டிபிகேட்டு மட்டும்தான் வைத்துக்கொண்டிருந்தது.

மாமியார் பாடு அதைவிடச் சிரிப்பு. "இனிமே என் பேரு இதுதான்" என்று பழைய பேரை ஊருக்கே அறிவித்துவிட்டாள். ஆனால் கூப்பிடத்தான் ஆளில்லை. பெற்றவர்கள் இல்லை, புருஷன் இல்லை. மகனுக்கு ஆத்தா, எனக்கு அத்தை, தெருவுக்கு ஜீப்புக்காரன் ஆத்தா. மாமியாரைப் பேர் சொல்ல எனக்கு நாக்கு வருமா? யாரும் ஒரு தடவைகூட அந்தப் பேரைச் சொல்லவில்லை. அவளும் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. அவளுக்கு அவ்வளவு ரோஷம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவின் முறை வந்தது. மண்டபம் முகாமில் ஒரு அதிகாரி அம்மா காகிதத்தில் இருந்த என் பேரையும் என் சர்டிபிகேட்டில் இருந்த பேரையும் ஒத்துப் பார்த்தார். முத்திரை குத்தி, "கூட்டிட்டுப் போம்மா" என்றார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, போடி வரும்வரை விடவே இல்லை.

வந்ததும் அம்மா செய்த முதல் காரியம், சம்பந்தியிடம் பேர் கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆள் ஆளாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வேலை உண்டு; சின்னவர் பெரியவர் கிடையாது. மாமியார் கொஞ்சம் தயங்கிவிட்டு, பிறந்த வீட்டுப் பேரைச் சொன்னாள்.

மறுநாள் காலையில் அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே, கொல்லைப் பக்கம் திரும்பி, அந்தப் பேரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

மாமியார் ஈரக்கையோடு கதவோரம் வந்து நின்றாள்.

"சரியாக் காதுல விழுகல" என்றாள். "இன்னொரு தடவ கூப்பிடு."

அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.