பதினாலாம் நம்பர் குதிரை

எடை மேடையில் அவருக்குப் பெயர் 'பாயின்ட்'. லாரி ஏறி நின்றால், திரையில் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணைக்கூட விடாமல் எழுதுகிற மனிதர். "ஒரு அஞ்சு கிலோவை விட்டுக்குடுத்தா என்ன சார்?" என்று டிரைவர்கள் கெஞ்சினால், "நம்பர் என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

நம்பர் மேல் அப்படி ஒரு பிடிப்பு வரக் காரணம் உண்டு. பச்சை, சிவப்பு, பழுப்பு எல்லாம் அவர் கண்ணுக்கு ஒரே கலங்கல். பிறவியிலேயே அப்படி. பள்ளிக்கூடத்தில் சிவப்பு இலை வரைந்து வகுப்பே சிரித்த நாளோடு பிரஷ்ஷுக்கு ஒரு கும்பிடு போட்டவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் காலையில் சட்டையும் கையுமாக அடுப்படி வாசலில் வந்து நிற்பார்.

"இந்தப் பேன்டுக்கு இது சரியா வருமா?"

"வரும், போட்டுக்கிட்டுப் போங்க."

மனைவி சொன்னால் சரி. கண்ணாடிகூடப் பார்க்கமாட்டார்.

மகள்தான் அந்தப் பெட்டியை வாங்கி வந்தாள். கோடு போட்ட ஒரு படம், கட்டத்துக்குக் கட்டம் ஒரு எண், மூடியில் எண் எழுதிய இருபத்துநாலு குட்டி டப்பா பெயின்ட். வேலிக்குப் பக்கத்தில் ஒரு குதிரை நிற்கிற படம். "நம்பரைப் பாத்து அடைச்சாப் போதும்ப்பா. கலர் தெரியவே வேணாம்" என்றாள்.

மனிதர் சொக்கிப்போனார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். மூன்றுக்கு மூன்று, ஒன்பதுக்கு ஒன்பது. யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். கிட்டே வெறும் திட்டுத் திட்டாக இருப்பது, எழுந்து நாலடி தள்ளி நின்றால் வேலியாகவும் மேகமாகவும் ஆகிவிடும். இதை நானா செய்தேன் என்று அவருக்கே சிரிப்பு வரும். குதிரையின் உடம்பு மட்டும் முழுக்கப் பதினாலு. அதைக் கடைசிக்கென்று ஆசையாக வைத்திருந்தார்.

முடித்த அன்று, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் மனைவி. மகள் போட்டோ எடுத்தாள். மச்சினன் போன் பண்ணி, "குதிரை ஓடி வந்துடும் போல இருக்கு மாமா" என்றான். பூரித்துப்போய்ச் சட்டம் போட்டு, எடை மேடை அறையில் தன் தலைக்கு மேலேயே மாட்டினார்.

மூன்று வாரம் கழித்து, எடைச் சீட்டு வாங்க வந்த புது டிரைவர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். "ஏன் சார், குதிரை பச்சையா இருக்கு?"

அவர் சிரித்தார். "பழுப்புய்யா. பதினாலாம் நம்பர். நம்பர் தப்பாது."

"இல்ல சார். இலைப் பச்சை."

பாயின்ட், அவருக்குப் பின்னால் நின்ற இன்னொரு டிரைவரைப் பார்த்தார். அவர் பலகாலமாக வந்துபோகிறவர். தரையைப் பார்த்தபடி, "பச்சைதான் சார். நீங்க வேணும்னே அடிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். பாயின்ட் முகத்தில் ஈயாடவில்லை. படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவிக்கும் மகளுக்கும் முன்னால் வைத்தார்.

"மேசையத் தொடைக்கும்போது அந்தப் பதினாலாம் நம்பர் டப்பா கொட்டிடுச்சுங்க" என்றாள் மனைவி. "இவளோட பெயின்ட் பெட்டியிலேர்ந்து கைக்குக் கெடைச்சதை ஊத்தி வெச்சேன். ஆசையா உக்காந்திருந்தீங்க. உங்களுக்கு எப்படியும் தெரியாதேன்னு..."

"இவளுக்குத் தெரியுமா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் தம்பிக்கு?"

மனைவி அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியாள் கண்ணில் மண்ணைத் தூவினால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். வீட்டு ஆட்களே தூவினால் எங்கே போய்ச் சொல்வது? அதுவும் பாதி நிறம் தெரியாத கண்ணில்.

"கொட்டிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, குதிரையை வெள்ளையாவே விட்டிருப்பேன்" என்றார்.

மறுநாள் காலை அடுப்படி வாசலுக்கு அவர் வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்கு மறுநாளும் வெள்ளைதான். நாலாம் நாள் அவளே கட்டம் போட்ட சட்டையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இதப் போட்டுக்குங்க. உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

"என்ன கலர் இது?"

"பழுப்புங்க."

அவர் சட்டையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த வெள்ளையை எடுத்து மாட்டிக்கொண்டார்.