அம்மாவுக்காக அடங்கிய வேலி

அம்மாவின் வால்வு ரேடியோவை இன்று பின்னேரம் போட்டேன். வால்வுகள் சூடேறித் தூசி கருகும் வாசம் எழுந்ததும், என் கை தானாகப் போய் ஃபிரிட்ஜை நிறுத்தியது, பிறகு வைஃபையை.

"அம்மா! வாட் ஆர் யூ டூயிங்?" என்று அறைக்குள்ளிருந்து மகள் கத்தினாள்.

மேய்ஸ் ஹில் என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் உடுப்புத் தோய்க்கும் அறையில், மற்றவர்கள் எறிந்த ரேடியோக்களின் பாகங்களைக் கொண்டு அம்மா தன் கையால் கட்டியது இது. அந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு நிற்கிறது. சனிக்கிழமை நாலு மணிக்கு அம்மா ஹெட்ஃபோனை மாட்டினால் அக்கம்பக்கத்தில் ஒரு மோட்டாரும் ஓடக்கூடாது. ஓடினால் அதன் மின் இரைச்சல் ரேடியோவுக்குள் புகுந்து, எங்கோ ஒரு அமெச்சூர் வானொலிக்காரர் தட்டும் மோர்ஸ் ஒலியை விழுங்கிவிடும். "எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ!" என்று அம்மா ஒருமுறை சொன்னால் தோய்க்கும் மெஷின் நிற்கும், குசினியில் அப்பாவின் மிக்சி அரைந்தும் அரையாத சம்பலோடு நிற்கும், வேலிக்கு அப்பால் மரவேலை செய்யும் இத்தாலியக் கிழவரின் மின்வாளும் நிற்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, அந்தக் குரல் தெரியும்.

பிறகு ஈரச் சுவரும், ஈயம் உருகிய வாசமும், தாளில் அம்மாவின் பென்சில் நகரும் சத்தமும் மட்டும்தான்.

அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றியதும் கிழவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இன்றைக்கு நாம் எந்த நாட்டைப் பிடித்தோம் என்று கேட்பார்.

"ஃபிஜி," என்பார் அம்மா.

அதைத் தானே பிடித்ததுபோல உள்ளே இருந்த மனைவிக்கு உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கிழவர் மறுபடி மின்வாளைப் போடுவார்.